ஒல்லித் தகடும் ஒற்றைக்கால் சுமையும்

சென்ற இதழில், 'மேம்பால கர்டரின் பக்கத்தில் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கிறதே, எதற்கு?' என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை நீங்கள். இந்த வாரத் தபாலில் பாதி இரும்பு வாசனை. சரி, இந்த இதழ் முழுக்க கர்டருக்கே.

கே: இரும்பு உத்திரம் ஏன் 'ஐ' வடிவத்தில் இருக்கிறது? முழுக்கட்டையாகப் போட்டால் இன்னும் பலம்தானே? (கல்லூரி மாணவி, சேலம்)

ப: உத்திரத்துக்குப் பலம்தான், பர்ஸுக்குத்தான் பலவீனம். உத்திரம் சுமையில் வளையும்போது மேல் பாகம் நசுங்கப் பார்க்கும், கீழ் பாகம் இழுபடப் பார்க்கும். நடுவில் இருக்கும் இரும்புக்கு இரண்டிலும் பெரிய பங்கில்லை. அதனால் இரும்பை மேலேயும் கீழேயும் கொண்டுபோய்க் குவித்தார்கள், அது ஃபிளாஞ்ச். இரண்டையும் பிரித்துப் பிடிக்க நடுவில் நட்டமாக ஒரு மெல்லிய தகடு, அது வெப். இரண்டு ஃபிளாஞ்சும் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு லாபம் என்பதால் வெப் உயரமாகிக்கொண்டே போனது. எடை கூடக்கூடாது என்பதால் ஒல்லியாகிக்கொண்டே போனது. பெரிய பிளேட் கர்டரில் 1500 மி.மீ. உயரத்துக்கு 8 மி.மீ. தடிமன் சகஜம். அதாவது தடிமனைப்போல் 187 மடங்கு உயரம்.

இது எப்படிப்பட்ட உருவம் என்று பார்க்க வேண்டுமா? ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள தினசரி காலண்டர் அட்டையை 28 செ.மீ. உயரத்துக்கு வெட்டி மேஜையில் நட்டமாக நிறுத்துங்கள். அதே விகிதம்தான். இப்போது மேல்விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். நீங்கள் எழுதிய மற்ற கேள்விகளில் பாதிக்கு அட்டையே பதில் சொல்லிவிடும்.

கே: வெப்புக்குத் தமிழ்ச் சொல் உண்டா? (தமிழாசிரியர், கரூர்)

ப: இடைத்தகடு என்று வைத்துக்கொள்ளலாம் ஐயா. இடை என்றால் நடு, இடை என்றால் இடுப்பு, இரண்டும் பொருந்துகிறது. கொடியிடை என்றால் புலவருக்குப் பாட்டு வரும், எஞ்சினியருக்குத் தூக்கம் போகும். பட்டறையில் போய் இடைத்தகடு என்று கேட்டால் மட்டும் கிடைக்காது. அங்கே அது 'வெப்பு'.

கே: ஒரு பீம் இத்தனை டன் தாங்கும்னு சொல்லித்தான் வாங்கினோம். அதுல பாதி எடையைக்கூட ஏத்தலை. ஒரே ஒரு ஜாக்கி வெச்சுத் தூக்கினோம். ஜாக்கிக்கு நேரே வெப்பு நெளிஞ்சு போச்சு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா? (லேத் பட்டறை, அம்பத்தூர்)

ப: கடைக்காரர் மேல் கோபம் வேண்டாம். கயிற்றுக் கட்டிலில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். அதே கட்டிலில் ஒருவர் மட்டும் எழுந்து ஒற்றைக்காலில் நின்று பரண்மேல் இருக்கும் பானையை எட்டினால், கயிறு அறுந்து கால் தரைக்கு வந்துவிடும். நாலு பேரைத் தாங்கிய கட்டில் ஒருவரைத் தாங்கவில்லை என்று கட்டில்காரரிடம் சண்டை போட முடியுமா?

உங்களுக்குச் சொன்ன டன் கணக்கு, சுமை பீம் நெடுகப் பரவியிருந்தால் வளைவை எவ்வளவு தாங்கும் என்பது. ஜாக்கியின் தலை உள்ளங்கை அகலம். அந்த உள்ளங்கைக்கு மேலே இருக்கும் வெப் மட்டும் தனியாக அகப்பட்டுக்கொண்டது. அங்கே சில விதங்களில் கதை முடியலாம். ஃபிளாஞ்சை ஒட்டியுள்ள இரும்பு பிசைந்த மாவு மாதிரி நசுங்கும். அல்லது சுமைக்கு அருகே மட்டும் ஒரு சின்ன மடிப்பு விழும். இங்கிலீஷ்காரர்கள் அதை 'கிரிப்ளிங்' என்பார்கள், நொண்டியாக்குவது. அல்லது அந்த இடத்து வெப் முழு உயரத்துக்கும் ஈர்க்குச்சி போலப் பக்கவாட்டில் வளையும். எதிர்ப்பக்க ஃபிளாஞ்சைப் பக்கவாட்டில் பிடிக்க ஆளில்லை என்றால், அந்த ஃபிளாஞ்சே வெப்பையும் இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் நழுவும்.

இன்னொன்று. ஜாக்கியை வெப்புக்கு நேர்கீழே வைத்தீர்களா, ஃபிளாஞ்சின் ஓரத்தில் வைத்தீர்களா? ஓரத்தில் என்றால் ஃபிளாஞ்ச் முதலில் மடங்கி வெப்பைத் திருகியிருக்கும். மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள்.

கே: கதை போதும், கணக்குச் சொல்லுங்கள். (டிப்ளமா சிவில், இறுதியாண்டு, நாகர்கோவில்)

ப: தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஐ.எஸ்.எம்.பி. 300 என்ற ஐ-பீமை எடுத்துக்கொள்வோம். வெப் தடிமன் சுமார் ஏழரை மி.மீ., 250 தரத்து இரும்பு. 100 மி.மீ. நீளமுள்ள தடித்த தகடு வழியாகச் சுமை இறங்குகிறது. ஃபிளாஞ்ச் அதைச் சும்மா கீழே கடத்தாது, கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800 (2007 பதிப்பு) நசுங்கலுக்கு, ஒரு பங்கு இறங்கினால் இரண்டரைப் பங்கு பரவும் என்று அனுமதிக்கிறது. நெளிவுக்கு 45 டிகிரி. இரண்டையும் போட்டுப் பார்த்து, குறைந்ததை எடுத்தால் பீமின் நடுவே சுமார் 40 டன். அதே சுமை பீமின் முனையில் வந்தால் சுமார் 25 டன்தான்.

முனையில் ஏன் குறைகிறது? நடுவில் சுமைக்கு இடதும் வலதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு, பங்கு போட்டுக்கொள்வார்கள். முனையில் ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர். ஆனால் பீமை நாம் எங்கே உட்கார வைக்கிறோம்? முனையில்தான்! எதிர்ச்சுமை முழுக்க அங்கேதான் மேல்நோக்கி முட்டுகிறது.

இதே கணக்கை அந்த 1500 மி.மீ. கர்டருக்குப் போடுங்கள். வெப்பை ஒரு தூணாகப் பாவித்து மெலிவு விகிதம் பார்ப்பது வழக்கம்: இரண்டரை பெருக்கல் 1500 வகுத்தல் 8. விடை 469. தூண்களுக்கு 180க்கு மேல் போகாதே என்பது அதே தரநிலை. 469 என்பது தூணே இல்லை, திரைச்சீலை. (மேலே சொன்னவை தோராயக் கணக்கு. இதை நம்பி பீம் வாங்கிவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.)

கே: அப்போ வெப் உயரத்தை இன்னும் கூட்டினால் சரியாகிவிடுமா? (அதே மாணவரின் நண்பர்)

ப: வளைவுக்குச் சரியாகும். இதற்கு ஆகாது. மெல்லிய வெப்பில் ஒற்றைப் புள்ளியில் சுமை வைத்து உடைத்துப் பார்த்த சோதனைகள் திரும்பத் திரும்பச் சொல்வது, தாங்கும் எடை ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைத்தான். தடிமன் இரட்டிப்பானால் சுமார் நாலு மடங்கு. உயரம் இரட்டிப்பானால் பைசா லாபமில்லை. பனைமரத்தை இன்னும் உயரமாக வளர்த்துப் புயலுக்குப் பாதுகாப்பு தேடுகிறீர்கள்.

கே: சரி, அந்தப் பட்டைகள்? (சென்ற இதழில் கேள்வி கேட்டு ஏமாந்தவர், விழுப்புரம்)

ப: மன்னிக்கவும், இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். அதன் பெயர் ஸ்டிஃப்னர். காலண்டர் அட்டையை இன்னும் தூக்கிப் போடவில்லையே? கட்டைவிரல் அமுக்கும் இடத்துக்கு நேர்கீழே, அட்டையின் இரண்டு பக்கமும் முழு உயரத்துக்கு ஒரு விளக்குமாற்றுக் குச்சிக் கற்றையை ஃபெவிகால் போட்டு ஒட்டுங்கள். காய்ந்ததும் அமுக்குங்கள். விரல்தான் வலிக்கும். வாழை இலைக்கு நடுநரம்பு செய்யும் வேலை இதுதான். அதை உரித்துவிட்டு இலையைத் தூக்கிப் பாருங்கள், சோறு மடியில் விழும்.

ஸ்டிஃப்னரில் இரண்டு சாதி. தாங்கலுக்கு மேலும், பெரிய சுமை இறங்கும் இடத்துக்கு நேர்கீழும் நிற்பது பியரிங் ஸ்டிஃப்னர். அது கிட்டத்தட்ட ஒரு குட்டித் தூண். சுமையை ஃபிளாஞ்சிலிருந்து நேராக வாங்கி வெப்பில் இறக்கும். மற்றது நடுநடுவே இடைவெளி விட்டு நிற்பது. அது சுமை வாங்காது. நீளமான வெப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஷியரில் (வெட்டு விசையில்) நெளியாமல் அதட்டிவைக்கும் வகுப்பு லீடர்.

கே: நானும் பார்த்தேன். சில பட்டைகள் கீழ் ஃபிளாஞ்சைத் தொடவே இல்லை. விரல் நுழையும் சந்து. இரும்பில் கைவைத்துவிட்டார்களா? (சமூக ஆர்வலர், மதுரை)

ப: மனு எழுதிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் சொன்ன வகுப்பு லீடர் சாதி, இழுபடும் ஃபிளாஞ்சைத் தொடாமல் சற்று முன்பே நிற்கலாம். வெப் தடிமனைப்போல் நாலு மடங்குவரை சந்து விடத் தரநிலையே அனுமதிக்கிறது. 8 மி.மீ. வெப்புக்கு 32 மி.மீ. வேண்டுமென்றே செய்வது. ஓயாமல் வண்டி ஓடும் பாலத்தில், இழுவையில் இருக்கும் ஃபிளாஞ்சுக்குக் குறுக்கே வெல்டிங் வைத்தால் அங்கேதான் களைப்பு விரிசல் பிறக்கும்.

ஆனால் சந்து இருப்பது தாங்கலுக்கு நேர்மேலே நிற்கும் பட்டையில் என்றால் மனுவைத் தாராளமாக அனுப்புங்கள். சுமை வாங்க வேண்டிய பட்டை, சுமை தரும் ஃபிளாஞ்சோடு இறுக்கமாக முட்டி நிற்க வேண்டும், அல்லது முழுச் சுமைக்கும் வெல்டிங் இருக்க வேண்டும். காற்று வழியாக டன் கணக்கில் எடை கடத்தும் வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை.

கே: இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்? (எட்டாம் வகுப்பு மாணவன், தென்காசி)

ப: தம்பி, நல்ல கேள்வி. உன் கிராஃப்ட் வகுப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, கடைசிவரை படி.

வேல்ஸில் மெனாய் நீரிணைமேல் எஞ்சினியர் ராபர்ட் ஸ்டீவன்சன் ரயில்பாலம் கட்ட வேண்டியிருந்தது. கீழே பாய்மரக் கப்பல்கள் தட்டாமல் போக வேண்டும். 460 அடி நீளத்துக்கு இரும்புத் தகட்டால் ஒரு பெரிய செவ்வகக் குழாய் செய்து, ரயிலை அதற்குள்ளேயே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். அதுதான் 1850இல் திறந்த பிரிட்டானியா பாலம். குழாய் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. வில்லியம் ஃபேர்பெர்ன் என்பவர் மாதிரிகள் செய்து வரிசையாக உடைத்தார். இரும்புப் பாலம் கீழ்ப்பக்கம் அறுந்துதான் விழும் என்று நினைத்திருந்த காலம் அது. வார்ப்பிரும்பு அப்படித்தான் பழக்கி வைத்திருந்தது. மெல்லிய தகட்டுக் குழாய்களோ மேல்பக்கம் கசங்கின. மேலே தடுப்பறைகள் வைத்துப் பலப்படுத்தினார்கள். அடுத்து ஆறில் ஒரு பங்கு அளவில் பெரிய மாதிரி. இப்போது பக்கச் சுவர்கள், அதாவது வெப், நெளிந்தன. நட்டமாகக் கோண இரும்பை ரிவெட் அடித்ததும் நிமிர்ந்துகொண்டது. கணக்கில்லாமல், சோதித்தே கண்டுபிடித்த ஸ்டிஃப்னர்.

இங்கேதான் உன் கிராஃப்ட் வகுப்பு. ரஷ்ய ரயில்வே எஞ்சினியர் ஷுராவ்ஸ்கி இந்தச் சோதனை விவரங்களைப் படித்துவிட்டு, தடித்த காகிதத்தில் மாதிரி கர்டர் செய்து, அட்டைப் பட்டைகளை ஸ்டிஃப்னராக ஒட்டிப் பார்த்தார். ஷியரில் வெப்பை நெளியவைக்கும் அமுக்கம் 45 டிகிரி சாய்வில் ஓடுகிறது. பட்டையையும் அந்தச் சாய்வில் வைத்தால் இன்னும் நன்றாகத் தாங்கும் என்று காட்டினார். டன் கணக்கில் இரும்பை உடைத்தவர்களுக்குக் காகிதத்தை வைத்துப் பதில்! அவர் சொன்னது சரிதான். ஆனாலும் இன்றைக்கும் பட்டையை நட்டமாகவே வைக்கிறோம். வெட்டவும் ஒட்டவும் அதுதான் சுலபம். பட்டறை ஜெயித்த இடம்.

தகட்டின் நெளிவுக்குக் கணிதச் சூத்திரத்தை பிரையன் என்பவர் தந்தது 1891இல். அதற்கு 41 வருடம் முன்பிருந்தே பிரிட்டானியாவுக்குள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

கே: சுமை இறங்கும் இடத்தில் தகடு நெளிந்து பாலம் விழுந்த சம்பவம் உண்டா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி)

ப: உண்டு ஐயா, அதுவும் அதே வேல்ஸில். 1970 மே 23 அன்று, தீப்பந்தத்தோடு உள்ளே நுழைந்த சில பையன்களால் பிரிட்டானியா குழாய் தீப்பிடித்துக் கெட்டது. பத்தே நாளில், ஜூன் 2 அன்று, தெற்கே மில்ஃபோர்ட் ஹேவனில் கட்டிக்கொண்டிருந்த கிளெடாவ் பாலம் விழுந்தது. நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அது பெட்டி கர்டர். கீழே முட்டு கொடுக்காமல், ஒரு தூணிலிருந்து துண்டு துண்டாக வெளியே நீட்டிக்கொண்டே போனார்கள். கை நீள நீளத் தோள்பட்டைக்குத்தானே பாரம்? நீட்டிய அவ்வளவு எடையும் தூண் தலையில் உள்ள பியரிங்கில்தான் இறங்கியாக வேண்டும். பெட்டிக்குள்ளே பியரிங்குக்கு நேர்மேலே குறுக்கே நிற்கும் தகடு, டயஃப்ரம், அந்த வேலைக்கென்றே வைத்தது. அது நெளிந்தது. பெட்டி முறிந்து நீட்டிய முனை கீழே போய்விட்டது.  தோள் எலும்பு ஒல்லி.

அதே வருடம் அக்டோபர் 15 அன்று மெல்போர்னில் வெஸ்ட் கேட் பாலம், 35 பேர். அதில் நெளிந்தது வேறு இடம், வேறு காரணம். ஆனால் அதுவும் பெட்டி கர்டர்தான், அதுவும் கட்டும்போதுதான். பிரிட்டன் விழித்துக்கொண்டு சர் அலெக் மெரிசன் தலைமையில் குழு போட்டது. அந்தக் குழு தந்த விதிகளால் ஏற்கெனவே கட்டி முடித்து ஓடிக்கொண்டிருந்த பெட்டி கர்டர் பாலங்களையும் திரும்பச் சோதித்து, பலவற்றைப் பலப்படுத்தினார்கள். கிளெடாவ் பாலம் 1975இல் திறந்தது.

கே: பாலம் பெரிய விஷயம். சாதாரணக் கட்டடத்தில் இப்படி நடக்குமா? (சூப்பர் மார்க்கெட் மேலாளர், கோவை)

ப: நீங்கள் இதைக் கேட்டிருக்க வேண்டாம். கனடாவில் வான்கூவரை ஒட்டிய பர்னபி நகரில், 1988 ஏப்ரல் 23 அன்று ஒரு புது சூப்பர் மார்க்கெட்டுக்குத் திறப்புவிழா. மொட்டைமாடிதான் கார் பார்க்கிங். கடை திறந்த சற்று நேரத்தில் கூரையில் ஒரு பகுதி உடைந்து, இருபது கார்கள் காய்கறிப் பகுதிக்கே இறங்கி வந்தன. உடைவதற்கு முன் பெரிய சத்தம் கேட்டு, தண்ணீர்க் குழாய் உடைந்து கொட்டி, ஆட்களை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த நேரம் கிடைத்ததால் யாரும் சாகவில்லை. 21 பேருக்குக் காயம்.

தூணின் தலைமேல் பீம் உட்கார்ந்து, அந்தப் பக்கமும் நீண்டிருந்த அமைப்பு. அங்கே பீமின் கீழ் ஃபிளாஞ்ச் நசுங்கலில் இருக்கும். அதைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கத் தாங்கல் கொடுக்கவில்லை. பீமும் தேவைக்குச் சின்னது. விசாரணைக் கமிஷன் இரண்டையும் சொன்னது. தூணின் தலைக்கு நேரே ஒரு ஜோடி ஸ்டிஃப்னரும் கீழ் ஃபிளாஞ்சுக்கு ஒரு முட்டும், மொத்தக் கட்டடச் செலவில் என்ன பெரிய தொகை என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கடையில் ஒரு நாள் தக்காளி வியாபாரம் வராது.

கே: வெப் நெளிந்தால் உடனே கதை முடிந்ததா? (ஏரோநாட்டிகல் மாணவி, சென்னை)

ப: ஷியரில் என்றால் இல்லை, அதுவும் உங்கள் துறை கற்றுக்கொடுத்த பாடம். 1929இல் ஹெர்பர்ட் வாக்னர், விமான இறக்கையின் மெல்லிய வெப் சாய்வாக நெளிந்தபிறகும் துவைத்துப் போட்ட வேட்டியை மூலைக்கு மூலை இழுத்த மாதிரி இறுகிச் சுமை தாங்கும் என்று காட்டினார். பாலக்காரர்கள் அதை நம்ப முப்பது வருடம் ஆனது. 1960 வாக்கில் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் கான்ராட் பாஸ்லர் கர்டர்களில் சோதித்து நிரூபித்தார். ஆனால் வேட்டியை இழுத்துப் பிடிக்க நாலு மூலையிலும் கை வேண்டும். அந்தக் கை ஸ்டிஃப்னரும் ஃபிளாஞ்சும். தாங்கலுக்கு மேல் இருக்கும் பட்டையே மடங்கினால் வேட்டி தரையில்.

கே: சுமை ஓர் இடத்தில் நிற்காமல் நகர்ந்தால் எங்கே ஸ்டிஃப்னர் வைப்பது? (கிரேன் ஆபரேட்டர், எண்ணூர்)

ப: பிடித்தீர்கள் பாயிண்ட்டை. உங்கள் கிரேன் சக்கரம் கர்டரின் ஒவ்வொரு அங்குலத்தையும் மிதிக்கிறது. அங்குலத்துக்கொரு பட்டை வைக்க முடியாது. அதனால் வெப்பையே தடிமனாக்குவார்கள். ஃபிளாஞ்சும் மேலே தண்டவாளமும் சுமையைக் கொஞ்சம் பரப்பும். பிரான்சில் 2004இல் முடிந்த மிலோ பாலத்தில் இன்னும் விசேஷம்: தளத்தை இரண்டு கரையிலிருந்தும் தள்ளிக்கொண்டே போனார்கள், அதனால் தாங்கல் நிற்க, கர்டர் நகர்ந்தது. வெப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

கே: ஏ.சி. பைப் போக வெப்பில் ஓட்டை போடலாமா? (பிளம்பர், திருப்பூர்)

ப: எஞ்சினியரைக் கேட்டுவிட்டு, நடு உயரத்தில், சுமையும் தாங்கலும் இல்லாத இடத்தில் போடலாம். தாங்கலுக்கு மேலே போடுவதாக இருந்தால் முதலில் உங்கள் ஏணியைப் பீமுக்கு முட்டுக் கொடுங்கள்.

கே: இப்போதெல்லாம் சாஃப்ட்வேரே எல்லாம் பார்த்துவிடுமே? (ஐ.டி. ஊழியர், பெங்களூரு)

ப: வழக்கமான மாடலில் பீம் என்பது திரையில் ஒரு கோடு. கோட்டுக்கு வெப் கிடையாது, ஃபிளாஞ்ச் கிடையாது. அதன்மேல் நீங்கள் வைக்கும் அம்புக்குறியின் முனைக்கு அகலமும் கிடையாது. வளைவு சரி, ஷியர் சரி என்று பச்சை விளக்கு எரியும். சுமை இறங்கும் இடத்தில் வெப் தாங்குமா என்று தனியாகக் கேட்டால்தான் பதில் சொல்லும். நம் ஆட்கள் பச்சையைப் பார்த்ததும் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. மறுப்பவர்கள் எழுதலாம்.

கே: எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு ஐ-பீம் போட்டு, அதன்மேல் ஸ்டாண்ட் வைத்து 5,000 லிட்டர் டேங்க் வைத்திருக்கிறோம். இதைப் படித்தபிறகு பயமாக இருக்கிறது. (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

ப: பயப்படாதீர்கள் அம்மா, பாருங்கள். நிரம்பிய டேங்கில் தண்ணீர் மட்டும் 5 டன். ஸ்டாண்டுக்கு நாலு கால் என்றால் கால் ஒன்றுக்கு ஒன்றேகால் டன். ஒழுங்கான பீமுக்கு அது பெரிய எடையில்லை. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஸ்டாண்டின் கால் வெப்புக்கு நேர்மேலே நிற்கிறதா, ஃபிளாஞ்சின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறதா? பீம் முனை சுவரில் உட்காரும் இடத்தில் நல்ல தகடு இருக்கிறதா, அல்லது உடைந்த செங்கல்லா? அந்த இரண்டு இடத்திலும் வெப் துருப்பிடித்து உரிந்திருக்கிறதா? 6 மி.மீ. வெப்பில் துரு 2 மி.மீ. தின்றிருந்தால் மீதி பலம் பாதிக்கும் கீழே. தடிமனின் வர்க்கம் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கும். டேங்குக்கு அடியில் எப்போதும் ஈரம் என்பதால் துரு முதலில் வரும் இடமும் அதுதான்.

ஒரு வெயில் நாளில் மேலே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் டேங்கைப் பாதிக்குமேல் நிரப்பாமல் வைத்து, ஊரில் உள்ள கட்டட எஞ்சினியர் ஒருவரை இந்த வாரமே அழைத்துக் காட்டுங்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம். துருவின் ஆழம் போட்டோவில் தெரியாது.